கட்டியின் வாயில்: மருந்துக்கு ஒளியும் ஒலியும் வழிதிறந்த வரலாறு

புற்றுக்கலங்களைக் கொல்லவல்ல பொருள்கள் மிகப் பல. ஆய்வுகூடத்துக் கண்ணாடிக் கிண்ணத்தில் வளர்க்கப்படும் புற்றுக்கலங்களின்மீது அவற்றுள் ஒன்றைச் சில துளி விட்டால் கலங்கள் மடிந்துவிடுகின்றன. மனித உடலில் நிலைமை வேறு. நாளத்தில் ஏற்றப்பட்ட மருந்து குருதியோடு கலந்து உடலெங்கும் ஓடுகின்றது. கட்டியைச் சென்றடைவது அதில் ஒரு சிறு கூறே. எஞ்சியது என்பு மச்சையையும், குடலின் உட்சவ்வையும், மயிரின் வேரையும், சில வேளைகளில் இதயத்தையுமே தாக்குகின்றது. நோயாளி தாங்கக்கூடிய அளவுக்கு மேல் மருந்தைக் கூட்டல் இயலாது. தாங்கக்கூடிய அளவோ பல வேளைகளில் கட்டியை அழிக்கப் போதாது. இவ்விடுக்கில் அகப்பட்டுக் கிடப்பதே புற்றுநோய் மருத்துவத்தின் நெடுநாட் துயர்.

இதற்கு அறிஞர் தேடிய வழிகளுள் ஒன்று, மருந்தை மாற்றாது அது செல்லும் பாதையை மாற்றுதல். கட்டி இருக்கும் இடத்தில் மட்டும் ஒரு வாயிலைத் திறக்கவோ, அவ்விடத்தில் மட்டும் மருந்தை விழித்தெழச் செய்யவோ முடியுமாயின் உடலின் ஏனைய பாகம் தப்பும். உடலை அறுக்காமல் உட்புகுந்து, குறித்த ஓரிடத்திற் குவியத்தக்க ஆற்றல்கள் சிலவே. அவற்றுள் ஒளியலையும் ஒலியலையும் இப்பணிக்கு எவ்வாறு அமர்த்தப்பட்டன என்பது ஏறக்குறைய நூற்றிருபத்தைந்து ஆண்டுகளாக நிகழ்ந்துவரும் கதை.

கதைக்கு முன்னுரையாக நிற்பவர் ஜேர்மனிய அறிஞர் போல் ஏர்லிக். 1885 ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட ஆராய்ச்சியில், விலங்குகளின் குருதியிற் செலுத்தப்பட்ட சில சாயங்கள் உறுப்புகள் எல்லாவற்றையும் நிறமூட்டியும் மூளையை மட்டும் நிறமூட்டாது விட்டமை காணப்பட்டது. அவருடைய மாணவர் எட்வின் கோல்ட்மன் 1913 இல் மறுதலையான பரிசோதனையைச் செய்தார். மூளையைச் சூழ்ந்த நீரிற் சாயத்தைச் செலுத்தியபோது மூளை நிறம்பெற்றது. ஏனைய உடல் பெறவில்லை. குருதிக்கும் மூளைக்கும் இடையே ஒரு மதில் உண்டென்பது இவ்வாறு புலனாயிற்று. நோயைத் தானே தேடிச் சென்று தாக்கும் 'மாயக் குண்டு' ஒன்றைக் கனவு கண்டவரும் இதே ஏர்லிக் ஆவர். குண்டினைக் கனவு கண்டவரே மதிலையும் கண்டார் என்பது கருதத்தக்கது.

1942 இல் ஐக்கிய அமெரிக்காவின் யேல் சர்வகலாசாலையில் குட்மன், கில்மன் என்னும் இருவர் போர் நச்சுவாயுவோடு உறவுடைய நைதரசன் மஸ்ரட் என்னும் பொருளை நிணநீர்க்கணுப் புற்றுநோயாளி ஒருவருக்குச் செலுத்தினர். கட்டிகள் சுருங்கின, பின்னர் மீண்டும் தோன்றின. இரசாயன மருத்துவத்தின் பிறப்பும் அதன் குறைபாடும் ஒரே படுக்கையருகே தெரிந்தன. அதன்பின் வந்த மருந்துகள் நூற்றுக்கணக்கானவை. எனினும் கட்டிக்குள் அவை புகுவதில் உள்ள தடைகளை விளக்குதற்கு மேலும் நாற்பதாண்டுகள் வேண்டியிருந்தன. ஜப்பானின் குமமொத்தோ நகரில் ஹிரோஷி மயேதாவும் மற்சுமுராவும் 1986 இல், கட்டியின் குருதிக்குழாய்கள் ஒழுங்கற்று ஓட்டையுடையனவாய் இருத்தலின், பெரிய மூலக்கூறுகள் அவ்வழி கசிந்து கட்டிக்குள் தங்குகின்றன என்று காட்டினர். ஓட்டை நன்மைக்கே என்று அறிஞர் மகிழ்ந்தனர். ஆயினும், இந்தியாவிற் பிறந்து அமெரிக்காவிற் பணிபுரிந்த ராகேஷ் ஜெயின் மறுபக்கத்தை எடுத்துரைத்தார். கசிந்த நீரை அகற்றும் நிணநீர்க் கால்கள் கட்டிக்குள் செவ்வனே தொழிற்படாமையால் அங்கே அமுக்கம் உயருகின்றது. குழாயின் உள்ளும் புறமும் அமுக்கம் ஏறக்குறைய ஒத்துவிட்டால் மருந்தை உள்ளே தள்ளும் விசை ஏது? வெள்ளம் நிரம்பிய வயலுக்கு வாய்க்காலை வெட்டிவிட்டாலும் நீர் பாயாததைப் போன்றது அந்நிலை. ரொறன்ரோ அறிஞர் குழு ஒன்று பத்தாண்டு ஆராய்ச்சிகளைத் தொகுத்து 2016 இல் வெளியிட்ட கணக்கின்படி, விலங்குகளிற் செலுத்தப்பட்ட நுண்துணிக்கை மருந்துகளில் கட்டியை அடைந்தது நடுத்தரமாக 0.7 வீதமே. நூறு பங்கில் ஒரு பங்குகூட இல்லை.

நிற்க. ஒளியின் கதைக்கு வருவோம்.

மருந்தொன்று ஒளியோடு சேர்ந்தே வேலைசெய்யும் என்பது கீழைநாடுகள் அறியாததன்று. வெண்புள்ளி நோய்க்குக் கார்போகரிசியை உபயோகித்து உடலை வெயிலிற் காட்டும் முறை இந்திய வைத்திய மரபுகளில் மிகப் பழையது. அவ்விதையிலுள்ள பொருளைச் சூரியனின் கழியூதாக் கதிர்கள் தொழிற்படச் செய்கின்றன எனப் பின்வந்த இரசாயனம் காட்டியது. ஆயின் காரணம் அறியாத அனுபவம் அனுபவமாகவே நின்றுவிட்டது. ஐரோப்பாவிலும், டென்மார்க்கு நாட்டு வைத்தியர் நீல்ஸ் பின்சன் 1896 இல் கோபன்ஹேகனில் ஒளிமருத்துவ நிலையம் நிறுவித் தோற் காசநோயை ஒளியால் மட்டுமே சிகிச்சைசெய்து 1903 இல் நோபல் பரிசு பெற்றபோது, ஒளியும் மருந்தும் இணையும் எண்ணம் அங்கே இல்லை.

அவ்வெண்ணம் பிறந்தது மியூனிக் நகரில். அதுவும் ஒரு மாணவன் கையில். மருந்தியற் பேராசிரியர் ஹேர்மன் வொன் தப்பைனரின் ஆய்வுகூடத்தில் ஒஸ்கார் றாப் என்னும் மருத்துவ மாணவன், நிலக்கரித் தாரிலிருந்து பெறப்படும் அக்கிரிடீன் என்னும் பொருள் பரமேசியம் என்ற ஒற்றைக்கல அங்கியை எவ்வளவு நேரத்திற் கொல்கின்றது என்று அளந்துகொண்டிருந்தான். கரைசலின் செறிவு ஒன்றே, அங்கியும் ஒன்றே, விடையோ நாளுக்கு நாள் மாறியது. ஒரு நாள் விரைவில் மடிந்தவை, இன்னொரு நாள் நெடுநேரம் உயிரோடு நீந்தின. அவ்வாறு அவை நெடிது வாழ்ந்த நாளில் வெளியே இடியும் மின்னலுமாய் வானம் இருண்டிருந்தது என்பர். பிழையான அளவீடென்று கிழித்தெறியாமல், மாறியது ஒளியே என்று றாப் உணர்ந்தான். இருளில் ஏறக்குறையத் தீங்கற்றதாய்க் கிடந்த சாயம் ஒளி பட்டவுடன் கொல்லும் நஞ்சாயிற்று. இவ்வாராய்ச்சி 1900 இல் வெளிவந்தது. பாடநூல்கள் இதனை ஓரிரு வரிகளில் முடித்துவிடுகின்றன. ஆயினும், அளவு ஒவ்வாதபோது அளவுகோலை ஐயுறாது சூழலை ஐயுற்ற அந்த மாணவனின் செயலே பின்வந்த எல்லாவற்றுக்கும் வித்தாயிற்று.

தப்பைனர் காலந் தாழ்த்தவில்லை. தோல் வைத்தியர் ஜெசியோனெக் என்பவரோடு சேர்ந்து 1903 இல் இயோசின் என்னும் செஞ்சாயத்தைத் தோற்கட்டிகளிற் பூசி ஒளிபடச் செய்தார். அடுத்த ஆண்டு, யோட்ல்பவர் என்பாருடன் செய்த பரிசோதனைகளில், இவ்வழிவுக்கு ஒட்சிசன் இன்றியமையாதது என்று கண்டார். சாயம் ஒளியை விழுங்குகின்றது; விழுங்கிய சத்தியை அயலிலுள்ள ஒட்சிசனுக்கு அளிக்கின்றது; கிளர்ந்தெழுந்த ஒட்சிசன் அருகிலுள்ள மென்சவ்வுகளையும் புரதங்களையும் சிதைக்கின்றது. அது செல்லும் தூரமோ கலமொன்றின் அகலத்திலும் மிகக் குறைவு. எனவே ஒளி எங்கே விழுந்ததோ, சாயம் எங்கே இருந்ததோ, அங்கே மட்டுமே அழிவு. ஏர்லிக்கின் குண்டினுக்கு இரண்டு பூட்டுகள் அமைந்தனவாயின. இரண்டும் ஒருங்கே திறந்தாலன்றி அது வெடியாது.

இயோசின் நிலைக்கவில்லை. அதன் இடத்தைப் பிடித்தது குருதியிலிருந்தே பெறப்பட்ட ஒரு பொருள். 1841 இல் ஷேரர் என்பவர் உலர்ந்த குருதியைச் செறிந்த சல்பூரிக்கமிலத்தோடு சேர்த்து இரும்பை அகற்றியபோது கிடைத்த ஹீமற்றோபோபிரின் என்பதே அது. அதன் வலியை மனிதருள் அறிந்தவர் பிரெடரிக் மேயர்-பெற்ஸ் என்னும் ஜேர்மனிய வைத்தியர். 1912 இல் அவர் 200 மில்லிகிராம் ஹீமற்றோபோபிரினைத் தம் நாளத்திலேயே ஏற்றிக்கொண்டார். வெயிலிற் சென்றதும் முகமும் கைகளும் வீங்கி உருத் தெரியாதவாறு மாறின. ஒளிக்கு அஞ்சும் அந்நிலை இரண்டு மாதங்களுக்கு மேல் நீடித்தது. தம்மையே பரிசோதனைப் பொருளாக்கும் அக்கால வைத்தியரின் துணிவை வியக்கலாம், பின்பற்றச் சொல்லலாகாது. ஆயினும் மருந்து உடலெங்கும் பரவினாலும் ஒளி பட்ட இடத்திலேயே வினை நிகழும் என்பதற்கு அவருடைய வீங்கிய முகமே சான்றாயிற்று.

1924 இல் பிரான்சின் லியோன் நகரில் அல்பேட் பொலிகார் என்பவர், கட்டிகள் சில வூட் விளக்கின் கழியூதா ஒளியிற் செந்நிறமாய் ஒளிர்வதைக் கண்டார். அது போபிரினின் ஒளிர்வு. வூட் விளக்கு என்பது அமெரிக்கப் பௌதிக அறிஞர் றொபேட் வில்லியம்ஸ் வூட் ஆக்கிய கண்ணாடியைக் கொண்டது. இப்பெயரை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ளல் நன்று. சிறிது நேரத்தில் அவர் மீண்டும் வருவார்.

பொலிகாரின் செவ்வொளிர்வு முப்பதாண்டுகள் பயனின்றிக் கிடந்தது. 1950களின் நடுப்பகுதியில் சாமுவேல் சுவாட்ஸ், ஹீமற்றோபோபிரின் எனப்பட்டது பல பொருள்களின் கலவை என்றும், கட்டியிற் சேர்வது அதன் தூய பகுதி அன்று என்றும் காட்டினார். மாயோ வைத்தியசாலையில் றிச்சட் லிப்சன் 1960, 1961 ஆம் ஆண்டுகளில் அதனைத் திருத்தியமைத்துக் கட்டியிற் கூடுதலாகச் சேரும் வடிவத்தை ஆக்கினார். அதே 1960 இல் மெய்மன் முதலாவது லேசரை இயக்கினார். இவ்விரண்டும் ஒன்றையொன்று சந்திக்க மேலும் காலம் சென்றது. பவலோ நகரின் றொஸ்வெல் பார்க் நிலையத்தில் தோமஸ் டௌகேட்டி 1975 இல் விலங்குக் கட்டிகளை அழித்துக் காட்டினார். 1978 இல் 25 நோயாளரின் 113 தோற்கட்டிகளைச் சிகிச்சைசெய்து, 111 கட்டிகள் முற்றாகவோ பகுதியாகவோ கரைந்தன என அறிவித்தார். கனடா 1993 இலும், ஐக்கிய அமெரிக்கா 1995 இலும் இம்மருந்துக்கு இசைவளித்தன. றாப்பின் இடிமழை நாளிலிருந்து ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு.

இத்தாமதத்துக்குக் காரணம் அறியாமை என்பது பொருந்தாது. கருத்து 1903 இலேயே முழுமை பெற்றிருந்தது. தூய சாயமும், ஒற்றை நிற ஒளியும், அவ்வொளியை உடலுக்குட் கொண்டுசெல்லும் கண்ணாடி நாரும் இல்லாமையே காரணம்.

ஒளிக்கு ஒரு பெருங்குறை உண்டு. இருட்டறையில் விரல்நுனியின் பின்னால் மின்சூளைப் பிடித்தால் விரல் செந்நிறமாய்த் தெரியும். உள்ளங்கையைப் பிடித்தால் மங்கும். தொடையைப் பிடித்தால் ஒன்றும் தெரியாது. நீலத்தையும் பச்சையையும் குருதி விழுங்கிவிடுகின்றது. சிவப்பொளியும் சில மில்லிமீற்றர் முதல் ஏறக்குறைய ஒரு சதமமீற்றர் வரையே பயன்தரும் அளவிற் செல்லும். தோல், உணவுக்குழாய், சிறுநீர்ப்பை போன்ற, நாரினால் எட்டத்தக்க பரப்புகளுக்கே அது உரியது. மேலும் டௌகேட்டியின் மருந்தைப் பெற்றோர் குறைந்தது ஒரு மாதமேனும் வெயிலைத் தவிர்க்கவேண்டியிருந்தது.

இக்குறையின் நடுவிலேதான் ஒரு புதிய எண்ணம் தோன்றிற்று. ஒளியால் கட்டியைக் கொல்லாமல், வேறொரு மருந்துக்கு வாயில் மட்டும் திறந்துவிட்டால் என்ன? ஓஸ்லோ நகரின் நோர்வே ரேடிய வைத்தியசாலையில் கிறிஸ்டியான் பேக் குழுவினர் 1999 இல் வெளியிட்ட முறை இதற்கு நல்ல சான்று. பெரிய மருந்து மூலக்கூறுகளைக் கலம் ஒரு சிறு பையிற் பொதிந்து உள்ளே இழுத்துக்கொள்கின்றது. ஆயின் அப்பையிலிருந்து வெளிவர வழியின்றி மருந்து அங்கேயே சிதைக்கப்படுகின்றது. விருந்தினனை வீட்டுக்குள் அழைத்து ஓர் அறையிற் பூட்டிவைத்த கதைதான். அப்பையின் சவ்வில் ஒளியுணரும் சாயத்தைப் படியச் செய்து ஒளியைப் பாய்ச்சினால் சவ்வு கிழிகின்றது. மருந்து கலத்தின் உள்ளே விடுபடுகின்றது. இலண்டனில் 22 நோயாளரிடம் பிளியோமைசின் என்னும் மருந்தோடு இம்முறை முதன்முதற் பரிசோதிக்கப்பட்டு 2016 இல் அறிக்கை வெளிவந்தது. இதற்கிடையே றொஸ்வெல் பார்க்கிலும், ஒளிச்சிகிச்சையை மென்மையான அளவிற் செய்தால் எலிகளின் கட்டிக் குருதிக்குழாய்கள் மேலும் தளர்ந்து, கொழுப்புறை நுண்கோளத்தில் அடைத்த டொக்சோரூபிசின் கூடுதலாகப் புகும் என்று 2003 இல் காட்டப்பட்டது. கொல்லும் ஒளி கதவைத் திறக்கும் ஒளியாக மாறியமை இவ்வாறு.

ஐக்கிய அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிலையத்தில் ஹிசதாகா கொபயாஷி 2011 இல் வெளியிட்ட முறை இவ்விரண்டையும் இணைத்தது. புற்றுக்கலத்தின் மேற்பரப்பிலுள்ள புரதத்தைத் தேடிப் பற்றும் பிறபொருளெதிரியிற் சாயத்தைப் பிணைத்து, செந்நிறத்தின் எல்லையிலுள்ள 690 நனோமீற்றர் அலைநீள ஒளியைப் பாய்ச்சுதல் அது. பற்றிய கலங்கள் வெடித்து மடிகின்றன. முதலில் மடிபவை குருதிக்குழாயை ஒட்டியிருப்பவை. அவை மறைந்ததும் பின்னர் செலுத்தும் மருந்து எலிகளின் கட்டிக்குட் பல மடங்கு கூடுதலாய்ப் பாய்கின்றது. தலை, கழுத்துப் புற்றுநோய்க்கு இச்சிகிச்சையை ஜப்பான் 2020 செப்டெம்பரில் நிபந்தனையுடன் ஏற்றுக்கொண்டது.

ஆழத்தில் உள்ள கட்டிகளுக்கு ஒளி எட்டாது. அங்கே செல்லவேண்டிய வேறோர் அலையை நாடவேண்டியிருந்தது. இனி வருவது ஒலி.

1880 ஆம் ஆண்டு இவ்வரலாற்றில் விந்தையானது. அவ்வாண்டில் பாரிஸ் நகரிற் பியர் கியூரியும் அவர் தமையன் ஜாக்கும், குவாட்சு முதலிய பளிங்குகளை அமுக்கினால் மின்னேற்றம் தோன்றுவதைக் கண்டனர். அதே ஆண்டில் அலெக்சாண்டர் கிரகம் பெல், விட்டுவிட்டு விழும் ஒளிக்கற்றை பொருள்களில் ஒலியை எழுப்பும் என்று கண்டார். முன்னையது கழியொலிக்குத் தாயாயிற்று. பின்னையது உடலினுள் ஒளியை விழுங்கும் மருந்தின் இருப்பிடத்தை ஒலியாற் கேட்டறியும் கருவியாய் இக்காலத்தில் வளர்ந்துள்ளது.

பளிங்கின்மீது மாறு மின்னைச் செலுத்தினால் அது அதிரும். செக்கனுக்கு 20,000 அதிர்வுகளுக்கு மேற்பட்ட ஒலியை மனிதச் செவி கேளாது, அதுவே கழியொலி. முதல் உலகப்போரில், பியர் கியூரியின் மாணவராய் இருந்த போல் லாஞ்செவன் நீர்மூழ்கிக் கப்பல்களைக் கண்டறிதற்பொருட்டுத் தூலோன் துறைமுகத்திற் கழியொலியை நீருட் செலுத்தினார். கற்றையின் வழியில் அகப்பட்ட மீன்கள் மடிந்து மிதந்தன. நீருட் கையை வைத்தவர் வலி உணர்ந்தனர். போர்க்கருவியின் ஆராய்ச்சி உயிரியலின் வாயிலைத் தட்டியது.

அத்துறைமுகத்துக்கு வந்து அப்பரிசோதனையை நேரிற் கண்டவர்களுள் ஒருவர் அமெரிக்கர் றொபேட் வூட். முன்னர்க் குறித்த விளக்கின் தலைவரே இவர். நாடு திரும்பிச் சில ஆண்டுகளின் பின், நியூயோர்க் மாநிலத்தின் ரக்சிடோ பார்க் என்னுமிடத்தில் தம் இல்லத்தருகே ஆய்வுகூடம் அமைத்திருந்த செல்வர் அல்பிரட் லூமிசுடன் சேர்ந்து, வலிமிகு கழியொலியின் விளைவுகளை ஆராய்ந்து 1927 இல் வெளியிட்டார். சிறு மீன்களும் தவளைகளும் மாண்டன. செங்குருதிக் கலங்கள் உடைந்தன. ஒளியால் கட்டியைக் காணச் செய்த கண்ணாடியும், ஒலியால் கலத்தை உடைத்த ஆராய்ச்சியும் ஒரே மனிதருடையவை. ஆயினும் இவ்விரண்டையும் ஒன்றாய் நோக்கவேண்டுமென்று அவர் கருதியதாகத் தெரியவில்லை; அக்காலத்தில் வேறு எவருமே கருதவில்லை.

கழியொலியின் சிறப்பு, அதன் அலைநீளம் சிறிதாயிருந்தும் அது உடலினுள் ஆழச் செல்லுதல். உடலின் மெல்லிழையங்களில் ஒலி செக்கனுக்கு ஏறக்குறைய 1,540 மீற்றர் செல்லும். மீடிறன் பத்து இலட்சமாயின் அலைநீளம் ஒன்றரை மில்லிமீற்றர் ஆகும். கையிற் பிடித்த வில்லை சூரிய ஒளியைக் குவித்துத் தாளை எரித்தல்போல, வளைந்த கருவி பல சதமமீற்றர் ஆழத்தில் அரிசியளவான இடத்திற் கழியொலியைக் குவிக்கும். இடைப்பட்ட இழையங்கள் தீங்குறா. 1942 இல் லின் முதலியோர் இதனை விலங்குகளிற் செய்துகாட்டினர். 1950களில் இலினோய் சர்வகலாசாலையின் வில்லியம் பிரை, பிரான்சிஸ் பிரை சகோதரர் மூளையின் ஆழத்திலேயே குறித்த புள்ளிகளை அழித்தனர். ஆனால் மண்டையோட்டு என்பு ஒலியைச் சிதறடித்தமையால் அதன் ஒரு பாகத்தை முதலில் அகற்றவேண்டியிருந்தது. சத்திரசிகிச்சையைத் தவிர்ப்பதற்கென வந்த முறை சத்திரசிகிச்சையோடே தொடங்கியது.

ஒலி மருந்துக்கு உதவும் வழிகள் இரண்டு: வெப்பம் ஒன்று, குமிழி மற்றொன்று. வெப்பத்தின் கதை சுருக்கமானது. கேம்பிரிட்ஜ் அருகே பேபிராகாமில் அலெக் பாங்கம் 1960களிற் கண்ட கொழுப்புறை நுண்கோளம் மருந்தைப் பொதிந்துகொள்ளும் பேழையாயிற்று. குறித்த வெப்பநிலையில் உருகித் திறக்கும் பேழையை யாற்வின் குழுவினர் 1978 இல் முன்மொழிந்தனர். ஏறக்குறைய 40 பாகையில் மருந்தை விடும் கோளம் பின்னர் ஆக்கப்பட்டது. ஒக்ஸ்போர்ட்டில் ஈரற்கட்டியுடைய 10 நோயாளருக்கு அக்கோளத்தைச் செலுத்தி, உடலுக்கு வெளியிலிருந்தே கழியொலியைக் குவித்துக் கட்டியை மெல்லச் சூடாக்கினர். 2018 இல் வெளியான அறிக்கையின்படி கட்டியில் மருந்தின் செறிவு சராசரியாக 3.7 மடங்கு உயர்ந்தது. இச்செய்தியைப் படித்து மகிழ்வோர் இன்னொன்றையும் படித்தல் வேண்டும். இதே நுண்கோளத்தை, வானொலி மீடிறன் மின்னால் ஈரற்கட்டியைச் சுடும் சிகிச்சையோடு சேர்த்து 700க்கு மேற்பட்ட நோயாளரிற் செய்த பெரும் பரிசோதனை 2013 இல் தோல்வியுற்றது. அடுத்ததும் 2020 இல் பயன் தராதெனக் காணப்பட்டது. மருந்து கட்டியிற் கூடிற்று என்பது ஒன்று. நோயாளி நெடிது வாழ்ந்தார் என்பது வேறு. முன்னதைக் காட்டப் பத்துப் பேர் போதும். பின்னதைக் காட்ட நூற்றுக்கணக்கானோர் வேண்டும். செய்தித்தாள்கள் இவ்வேறுபாட்டைப் பெரும்பாலும் மறந்துவிடுகின்றன.

குமிழியின் கதை இதனினும் சுவையானது. 1917 இல் றெலே பிரபு, திரவத்தினுள் ஒரு குழி திடீரெனச் சுருங்கும்போது எழும் அமுக்கம் எவ்வளவு பெரிதென்று கணித்தார். கப்பற் சுழலிகள் நீருள் அரிப்புண்டு போவதற்குக் காரணம் தேடிய காலம் அது. 1968 இல் றொச்செஸ்டர் நகரிற் கிரமியாக், பிரவின் ஷா என்னும் இருவர், நோயாளியின் இதயத்தருகே பச்சைச் சாயமொன்றைச் செலுத்தியபோது கழியொலிப் படத்தில் மேகம்போன்ற எதிரொலிகள் தோன்றியதை வெளியிட்டனர். அங்கே எதிரொலித்தவை ஊசியோடு உட்புகுந்த சிறு குமிழிகள். இங்கும் சாயம்! ஏர்லிக், றாப், கிரமியாக் மூவரும் சாயத்தையே கையிற்கொண்டு, மூன்றும் வேறான மூன்றைக் கண்டனர். பின்னர் புரத உறையோ கொழுப்புறையோ கொண்ட, செங்குருதிக் கலத்திலும் சிறிய நுண்குமிழிகள் படமெடுப்பதற்கென ஆக்கப்பட்டன. 1990களில் அவை வைத்தியசாலைகளுக்கு வந்தன.

ஒலியின் அமுக்கம் ஏறி இறங்குந்தோறும் குமிழி சுருங்கி விரிகின்றது. மென்மையான ஒலியாயின் அது குருதிக்குழாயின் சுவரை மெல்லத் தள்ளி இழுத்து, அடுத்தடுத்த கலங்களின் பொருத்துகளைத் தளர்த்துகின்றது. வலிய ஒலியாயின் றெலே கணித்தவாறு நொறுங்கிக் குழாயையே கிழிக்கும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட அளவைக் காண்பதே கலை. பொஸ்ரன் நகரிற் குல்லேர்வோ ஹின்னினென் குழுவினர் 2001 இல், குருதியில் நுண்குமிழிகளை விட்டு, காந்தப் பரிவுப் படத்தைப் பார்த்தவாறே முயல்களின் மூளையிற் குறித்த இடத்தில் ஒலியைக் குவித்தனர். ஏர்லிக்கின் மதில் அவ்விடத்தில் மட்டும் திறந்தது. சிலகாலத்தில் மீண்டும் மூடிக்கொண்டது. 116 ஆண்டுகளாக மருந்துகளைத் தடுத்துநின்ற மதில் அது. குமிழிகள் வேலையின் பெரும்பகுதியைச் செய்தமையால் ஒலியின் வலிமையை மிகக் குறைக்க முடிந்தது. எனவே மண்டையோட்டை அகற்றாமலே இதனைச் செய்யலாம் என்ற நம்பிக்கை பிறந்தது.

மனிதரிற் செய்தற்கு இரு வழிகள் எழுந்தன. பாரிஸ் நகரில் அலெக்சாந்திர் கார்பென்தியே குழுவினர், மண்டையோட்டில் ஒரு சிறு கழியொலிக் கருவியைப் பதித்துவிட்டு, மருந்து ஏற்றும் ஒவ்வொரு முறையும் தோலினூடே ஊசியிணைத்து அதனை இயக்கும் முறையை 2014 இல் தொடங்கினர். ரொறன்ரோவின் சன்னிபுறுக் நிலையத்தில், 1,024 ஒலிமுனைகளைக் கொண்ட தலைக்கவசத்தால், என்பை அறுக்காமல், 2015 நவம்பரில் மூளைக்கட்டி நோயாளி ஒருவருக்கு டொக்சோரூபிசினோடு மதில் திறக்கப்பட்டது. முனை ஒவ்வொன்றையும் சற்று முந்தியோ பிந்தியோ அதிரச் செய்து என்பினால் ஏற்படும் சிதறலை ஈடுசெய்கின்றனர். பிரை சகோதரரைத் தடுத்த தடை கணிப்பொறியால் நீங்கிற்று. சிக்காகோவில் 17 நோயாளரிடம் பதித்த கருவியைக்கொண்டு செய்து 2023 இல் வெளியான ஆராய்ச்சியில், மூளையில் பக்லிற்றாக்செல் ஏறக்குறைய நான்கு மடங்கும் காபோபிளாற்றின் ஏறக்குறைய ஆறு மடங்கும் உயர்ந்தன. மதில் பெரும்பாலும் ஒரு மணித்தியாலத்துள் மீண்டும் மூடியது. அந்த ஒரு மணித்தியாலமே மருந்துக்குக் கிடைத்த காலம்.

நோர்வேயின் பேர்கன் நகரத்தார் இன்னும் எளிய வழியைக் கையாண்டனர். சதையிப் புற்றுநோயாளர் 10 பேருக்கு வழக்கமான ஜெம்சைற்றபின் மருந்தோடு படமெடுக்கும் நுண்குமிழிகளையும் செலுத்தி, வைத்தியசாலையில் ஏற்கெனவே இருந்த சாதாரண கழியொலிக் கருவியையே வயிற்றின்மீது வைத்தனர். நடுத்தர ஆயுள் 8.9 மாதத்திலிருந்து 17.6 மாதமாயிற்று என 2016 இல் அறிவித்தனர். ஆயின் ஒப்புநோக்கப்பட்டவர்கள் முன்னர் சிகிச்சைபெற்ற பிற நோயாளர். ஒரே காலத்திற் சீட்டிட்டுப் பிரித்தவர்கள் அல்லர். ஆகவே அவ்வெண்களை நம்பிக்கை தருவன என்று கொள்ளலாமேயன்றி, நிறுவப்பட்டன என்று கொள்ளல் பொருந்தாது. இதனைச் சொன்னால் அறிஞரின் உழைப்பைக் குறைத்துப் பேசுவதாகச் சிலர் கருதுவர். சதையிப் புற்றுநோயாளியின் வீட்டார் இவ்வெண்களை எந்த மனத்தோடு படிப்பர் என்று எண்ணுவோர்க்கு, எண்ணின் எல்லையைச் சொல்லாது விடுதலே குறையெனத் தோன்றும்.

ஒளியின் பாதையும் ஒலியின் பாதையும் இறுதியிற் சந்தித்தது ஜப்பானில். யுமிதா, உமேமுரா முதலியோர் 1989 இல், றாப்பின் காலந்தொட்டு ஒளிக்கே உரியதெனக் கருதப்பட்ட செயலை ஒலியிடம் கேட்டனர். ஹீமற்றோபோபிரின் கலந்த கரைசலிற் புற்றுக்கலங்களை இட்டு, ஒளியின்றிக் கழியொலியை மட்டும் செலுத்தியபோது, ஒலி தனியே கொன்றதினும் மிகுதியான கலங்கள் மடிந்தன. ஒலியால் நொறுங்கும் குமிழியினுள் எழும் கண்காணா மின்னொளியே சாயத்தைத் தூண்டுகின்றது என்பார் ஒரு சாரார். வெப்பமும் இரசாயனத் துணிக்கைகளுமே என்பார் மற்றொரு சாரார். வழக்கு இன்னும் தீரவில்லை. ஆயினும் ஒளி எட்டாத ஆழத்தில் ஒளியின் மருந்தை ஒலியால் எழுப்பலாம் என்னும் எண்ணம் அன்றே வேரூன்றியது. ஐக்கிய அமெரிக்காவின் பீனிக்ஸ் நகரில் 2020களின் தொடக்கத்திலிருந்து மூளைக்கட்டி நோயாளருக்கு, கட்டிக்கலங்களே போபிரினாய் மாற்றிக்கொள்ளும் அமினோலெவுலினிக் அமிலத்தைக் கொடுத்து, தலைக்கு வெளியிலிருந்து கழியொலியைச் செலுத்தும் பரிசோதனைகள் நடத்தப்பட்டு வருகின்றன.